ஞாயிற்றுக்கிழமைப் பிசுக்கு

திங்கட்கிழமை காலையில் கணினி அறையைத் திறப்பதென்றாலே இலைசானேவுக்குப் பிடிக்காது. பூட்டைத் திறந்து, ஜன்னல்களை அகலத் தள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு நேராக நாலாவது கணினியிடம் போவாள். அங்கே அது இருக்கும். கீபோர்டில் விரலை வைத்தால் வழுக்கும். எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்துகளின் இடுக்கில் பச்சையாக எதுவோ காய்ந்து அப்பிக் கிடக்கும். மவுஸைப் பிடித்தால் யாருடைய எச்சில் கையையோ பிடித்ததுபோல உள்ளங்கை கூசும்.

"சீ! மாட்டுக் கொட்டில்கூட இதவிடச் சுத்தமா இருக்கும்" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டு சோப்புத்தண்ணீரும் பழந்துணியுமாக உட்கார்ந்துவிடுவாள்.

இந்தத் திங்கட்கிழமை அவளால் அதுவும் முடியவில்லை. துடைக்கத் துடைக்கப் பிசுக்கு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. கடைசியில் அந்தக் கீபோர்டைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக முடிந்து, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, பழசாக இருந்த வேறொன்றை மாட்டினாள். நேரம் கிடைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

ஒரு சிறு தீவின் சபைக் கூடத்தை ஒட்டிய அறை அது. ஆக்லாந்தில் குடியேறிவிட்ட ஊர்க்காரர்கள் துணிமணி, டின் இறைச்சி நிறைத்த பீப்பாய்களோடு கப்பலேற்றி அனுப்பிய கணினிகள் அங்கே வரிசையாக இருந்தன. ஊரில் வேறெங்கும் கணினி இல்லை. பிள்ளைகள் படிப்பது, நியூசிலாந்துத் தோட்ட வேலைக்கு மனுப் போடுவது, பாய் முடையும் பெண்கள் வெளியூருக்குப் படம் அனுப்புவது எல்லாம் அங்கேதான். சூவா நகரத்தில் கணினி படித்துவிட்டு வந்தவள் என்பதால், பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சபை இலைசானேவிடம் கொடுத்திருந்தது.

முதலில் அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படாது, ஒருவர் தேடியது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாரம் தாங்கவில்லை. கடவுச்சொற்கள் கிழங்குக் கூடை மாதிரி வீடு வீடாகப் போய்விட்டன. சித்தி மகன் கேட்டான், கொடுத்தேன். மாமா கேட்டார், எப்படி இல்லை என்பது என்றார்கள். உறவுக்காரர் கேட்டதை மறுப்பது அந்தத் தீவில் முகத்தில் அறைவதற்குச் சமம். படகானாலும் சரி, பன்றியானாலும் சரி, பாஸ்வேர்டானாலும் சரி. யார் பெயரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போயிற்று.

அந்தக் குழப்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் சபை மூப்பர் ஹெனெலி உள்ளே வந்தார். போலீஸில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தீவில் மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாய் அவருக்கு ஒருநாளும் கலைந்திருக்காது. ஜெபம் பண்ணினால் கூரை அதிரும். அறையின் இன்னொரு சாவி அவரிடம் இருந்தது.

"எதுக்கும்மா இத்தனை பூட்டு?" என்றார். "கர்த்தர் வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் என்ன ஒளிவு மறைவு? எல்லாருக்கும் சேத்து ஒரே பேர் போடு. 'சபை'ன்னு போடு. ஒரே பாஸ்வேர்டு. தொல்லை விட்டுது."

"அப்போ அண்ணன் தேடுனது தங்கச்சி கண்ணுல படும் ஐயா. நம்ம ஊருக்கு அது சரிப்பட்டு வராது."

"நம்ம பிள்ளைங்க அப்படி என்னத்தம்மா தேடப்போவுது? உன் புத்தி ஏன் அங்க போவுது?"

காது மடல் சுட்டது. அதற்கு மேல் ஒரு பெண் வாய் திறந்து என்ன சொல்ல முடியும்? அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'சபை' என்று ஒரே பெயர் போட்டாள். கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி வைத்தாள். மூப்பர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, விரல்களை இடுப்புப் பாயில் துடைத்துக்கொண்டே போனார். அது அவருடைய பழக்கம்.

அவள் பயந்தது, கீபோர்டை மாற்றிய மறுநாள் செவ்வாய்க்கிழமை நடந்தது.

மெலியாமே என்று ஒரு பெண். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். அடுத்த திங்கட்கிழமை தலைநகரத்து நர்சுப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எழுதுவது இங்கேயே கணினியில்தான். தாயில்லாத வீடு, அப்பா கடலுக்குப் போகிறவர். இதில் தேறினால் சம்பளத்தோடு படிப்பு. தேறாவிட்டால் மாமா வீட்டு வாழைத்தோப்பு. அன்றைக்கு அவள் நாலாவது கணினியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் செமிசி, முறைப்படி தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவோரத்தில் தோட்ட வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தான்.

புண்ணுக்குக் கட்டுப் போடுவது பற்றிப் படிக்கலாம் என்று மெலியாமே தேடும் கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டினாள். 'சபை' என்ற பெயரில் முன்னால் யாரோ தேடியவை எல்லாம் கட்டத்துக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. பின்வரிசையில் இரண்டு தடியன்கள் 'ஓ' என்று சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுச் செமிசி திரும்பினான். தங்கையின் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனும் பார்த்துவிட்டான். அவன் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்ந்து கேட்டாலே எழுந்து போக வேண்டிய ஊர் அது. இருவரும் நாற்காலி விழ எழுந்தார்கள். அவள் ஒரு வாசல் வழியாக ஓடினாள், அவன் மறு வாசல் வழியாக ஓடினான்.

அறையைக் காலி செய்துவிட்டு இலைசானே அந்தத் திரையின் முன் உட்கார்ந்தாள். அழிப்பதற்காகப் படிக்க வேண்டியிருந்தது. எந்த நாளில் யார் தேடியது என்று மட்டும் அதில் இல்லை. சும்மா ஆபாசம் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்திருப்பாள். அந்தச் சொற்களோடு ஊர்ப் பெண்களின் பெயர்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதியிருந்தது. அப்படிப் படம் கிடைக்குமா என்று எவனோ நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தேடியிருக்கிறான். மெலியாமேயின் பெயர் இருந்தது. நாலு வரி தள்ளி இலைசானேவின் பெயரும் இருந்தது.

வெளியே போய் ஈரப்பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

புதன்கிழமை ஊர் முழுக்கச் செமிசிதான் குற்றவாளி. சனிக்கிழமை அந்தக் கணினியில் கடைசியாக உட்கார்ந்திருந்தவன் அவன்தானாம். அவன் மாமா ரப்பர் குழாயால் அடித்ததில் முதுகு தடித்துப்போயிருந்தது. 'நான் இல்ல' என்று சொல்லக்கூட அவன் வாயைத் திறக்கவில்லை. எதை நான் இல்லை என்று சொல்வது? அதைச் சொன்னாலே அதைப் பேசியதாகிவிடுமே.

மத்தியானம் மூப்பர் ஹெனெலி அறைக்கு வந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கூட்டம் போட்டிருக்கேன். இனிமே இந்த ரூமுக்குப் பசங்க மட்டும்தான் வரணும். பொண்ணுங்க வேண்டாம். பொம்பளப் பிள்ளைங்களை நாமதான் காப்பாத்தணும்."

"அசிங்கம் பண்ணது எவனோ. வெளிய போறது பொண்ணுங்களா ஐயா?"

"பசங்கன்னா முன்னபின்ன இருப்பானுங்க. இதையெல்லாம் கிண்டக் கூடாது."

"மெலியாமேக்குத் திங்கட்கிழமை பரீட்சை."

"அடுத்த வருசம் எழுதட்டுமே. நர்சு இல்லாம ஊரு செத்தா போச்சு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். விரல்களை இடுப்புப் பாயில் மேலும் கீழுமாகத் துடைத்தார். இலைசானேவுக்கு ஏனோ அந்த விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அறையில் யாரும் இல்லை. பெண்கள் வர வெட்கப்பட்டார்கள். பையன்கள் வந்தால் சந்தேகம் தங்கள்மேல் விழும் என்று வரவில்லை. சும்மா இருந்த கையோடு, மேஜைக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு இலைசானே குழாயடிக்குப் போனாள். கோயில் கூட்டுகிற ஃபூசி அங்கே துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்தாள். இலைசானேவுக்குப் பெரியம்மா மகள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"என்னடி, சூவாவுல போயி நீ படிச்சது பாத்திரம் தேய்க்கவா?"

"வாயை மூடிக்கிட்டு மூக்கையும் மூடிக்கோ" என்று சொல்லிப் பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

மூன்று நாள் புழுக்கம். புளித்த தேங்காய்ப்பாலும் ஆட்டுக்கொழுப்பும் அடுப்புப் புகையும் சேர்ந்து குப்பென்று அடித்தது. இலைசானே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபூசி திருப்பவில்லை. பூனை மாதிரி இன்னும் கிட்டப் போனாள்.

"அடியே, இது லூ வாசம்டீ. அதுவும் கறிப்பொடி போட்ட லூ! லாவினியா அத்தை வீட்டு லூ!"

"உளறாதே."

"நான் உளறுறேனா? எழுத்துமேல பாரு, மஞ்ச மஞ்சளா. இந்த ஊருல லூவுக்குச் சேம்பிலையப் பொட்டலமா மடிக்கிறப்ப உள்ள கறிப்பொடி போடுறவங்க வேற யாரு? சூவாவுல இந்தியக்காரங்க நடுவுல அத்தனை வருசம் இருந்து வந்ததுல அத்தைக்கு ஒட்டிக்கிட்ட ருசி அது. ஒருதரம் தின்னா விரல்ல மஞ்ச போவ ரெண்டு நாளாவும்."

இலைசானே கீபோர்டை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெளிறிய எழுத்துக்கட்டைகளில் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் ரேகை. அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். லூ வேகவைக்க மண்ணடுப்பு மூட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் ஊர் தின்பது நூடுல்ஸும் ரொட்டியும் டின் மீனும். சனிக்கிழமை மத்தியானம் எல்லாக் கீபோர்டையும் அவளே துடைத்து, அவளே பூட்டினாள். திங்கட்கிழமை அவளே திறந்தாள். நடுவில் இருந்தது ஞாயிறு. கடையும் படகும் விமானமும் நிற்கும் நாள். அறைக்குள் யாரும் நுழையவே கூடாத நாள்.

லாவினியா அத்தை ஹெனெலியின் அக்கா. ஹெனெலியின் மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆக்லாந்து போனதிலிருந்து, ஞாயிறுதோறும் லூவும் கிழங்கும் அக்கா வீட்டிலிருந்துதான் அவருக்குக் கூடையில் போகும்.

"ஏன்டி மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்றாள் ஃபூசி. அப்புறம் அவளுக்கும் புரிந்தது. துடைப்பம் கையிலிருந்து நழுவியது. "ஐயோ. மூப்பரு ஆராதனை முடிஞ்சு தலைவலின்னு படுக்கப் போறாருன்னுதானே நெனச்சோம்..."

"பேசாதே."

தின்றுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல். அந்தக் கையால் என் பெயரை. இலைசானே குழாயைத் திறந்து தன் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கீபோர்டைக் கழுவவில்லை. திரும்பவும் பையில் போட்டு முடிந்தாள்.

சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் சம்மணமிட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போதகர் நடுவில். இலைசானேவுக்கு நேர் எதிரே அவளுடைய அண்ணன் தானியேலா. பெண்கள் பக்கத்தில் தனியாக, நல்ல பாய் ஒன்றின்மேல், லாவினியா அத்தை விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தீவில் ஆண் எத்தனை பெரிய ஆளானாலும் உடன்பிறந்தவள் ஒரு படி மேலேதான். ஆனால் அத்தை கூட்டங்களில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. மெலியாமே வரவில்லை. செமிசி முதுகு சுவரில் படாமல் கடைசியில் உட்கார்ந்திருந்தான்.

ஹெனெலி நீளமாக ஜெபித்தார். வாலிபரின் கண்களைத் தூய்மையாக்கும்படி ஆண்டவரிடம் கெஞ்சினார். 'தூய்மை' என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. இலைசானே பையின் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் முடிந்ததும் அவர் பெண்களுக்கு அறை இல்லை என்ற தீர்மானத்தைச் சொன்னார். நாலைந்து தலைகள் ஆடின.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் இலைசானே.

ஹெனெலி அவளைப் பார்த்தார். பிறகு தானியேலாவைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"தாராளமா சொல்லும்மா. நீதானே பாத்தே. அந்தத் திரையில என்ன இருந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லு."

தானியேலா பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தான். அண்ணன் முன்னால் அவளால் ஒரு சொல் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்கிறார். முறையை மரியாதைக்கு வைத்தார்கள். இந்த ஆள் அதை இழுத்துத் தன் அழுக்குக்குப் போர்த்திக்கொள்கிறார். இலைசானேவுக்கு அந்தக் கணத்தில் கோபத்தைவிட அருவருப்புதான் வந்தது. சாக்கடையில் கால் வைத்துவிட்டதுபோல.

"உக்காருங்கண்ணே. நான் அதைப் பத்திப் பேசலை. சாப்பாட்டைப் பத்திப் பேசுறேன்" என்றாள்.

"சாப்பாடா?" என்றார் போதகர்.

"ஆமா ஐயா. கம்ப்யூட்டர் ரூமுல ஞாயித்துக்கிழமை யாரோ சாப்பிட்ட கையோட உக்காந்திருக்காங்க. சனிக்கிழமை நான் துடைச்சுப் பூட்டிட்டுப் போனேன். திங்கட்கிழமை திறந்தா இப்படி இருந்துச்சு. ஓய்வு நாளைக் கெடுத்தது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் பொண்ணுங்களை வெளிய அனுப்பலாமே."

பையை அவிழ்த்துக் கீபோர்டை எடுத்துப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்தவளிடம் தள்ளினாள். கை மாறிக் கை மாறி அது போயிற்று. ஒருத்தி 'உவ்வே' என்றாள். இன்னொருத்தி எழுத்துகளின்மேலிருந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை. விசிறிகள் நின்றுவிட்டன.

"இதெல்லாம் என்ன கோமாளித்தனம்? அந்தக் குப்பையத் தூக்கி வெளிய போடு!" என்று ஹெனெலி அதட்டினார்.

கீபோர்டு அதற்குள் லாவினியா அத்தையின் மடிக்குப் போய்விட்டது. அத்தை அதை மூக்கருகே கொண்டுபோனாள். விரலால் ஒரு கட்டையைத் தேய்த்து, அந்த விரலைப் பார்த்தாள். செமிசியைத் திரும்பிப் பார்த்தாள். கீபோர்டைப் பாயிலிருந்து தள்ளி, வெறும் தரையில் வைத்தாள்.

"இது என் கை லூ" என்றாள். "ஹெனெலி, சாவியக் குடு."

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. என் காதுல விழ வேண்டாம். சாவி."

மூப்பர் சாவி தொங்கிய கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். கையில் வாங்க அத்தை மறுத்துவிட்டாள். தரையைக் காட்டினாள். அவர் வைத்தார். விசிறியின் நுனியால் அதை இலைசானேவின் பக்கம் தள்ளிவிட்டு அத்தை எழுந்து போனாள். ஒவ்வொருத்தியாகப் பெண்கள் எல்லாரும் பின்னால் எழுந்து போனார்கள். பெண்களுக்கு அறை இல்லை என்ற தீர்மானத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

ஆனால் வேறு எதையும்கூட யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், முழங்கால் வலி காரணமாக மூப்பர் ஹெனெலி பொறுப்பிலிருந்து விலகுவதாகப் போதகர் அறிவித்தார். அந்த முழங்காலுக்காகச் சபையே ஜெபம் பண்ணியது. ஹெனெலி சமாதானத்துக்கு முழுப் பன்றி ஒன்றைச் சுட்டு, நல்ல பாய் ஒன்றோடு அனுப்பியிருந்தார். செமிசிக்கு இல்லை, மெலியாமேவுக்கும் இல்லை. போதகருக்கு. போதகர் வீட்டிலிருந்து ஒரு கால் இலைசானே வீட்டுக்கும் பங்காக வந்தது.

"நல்லா மொறுமொறுன்னு இருக்குடி. பன்றி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஃபூசி.

"நீயே தின்னு. எனக்கு அதைத் தொடவே பிடிக்கலை."

திங்கட்கிழமை காலை பூட்டைத் திறந்ததும் இலைசானே மூச்சை அடக்கிக்கொண்டு நாலாவது கணினியிடம்தான் போனாள். விரலை வைத்தாள். வறண்டிருந்தது. இருந்தாலும் விரலை முகர்ந்து பார்த்தாள்.

'சபை' என்ற பெயரை வெள்ளிக்கிழமையே அழித்துவிட்டு, திரும்பவும் ஆளுக்கொரு பெயர் போட்டிருந்தாள். மெலியாமே தயங்கித் தயங்கி வந்தாள். வெளியே சாலையைப் பார்த்தபடி, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரப்பலா மரத்தடியில் செமிசி நின்றான். தங்கையைக் கொண்டுவந்து விட்டவன் போலவும் இல்லை, காவல் நிற்பவன் போலவும் இல்லை. ஆனால் நகரவில்லை.

"நாலாவதுல உக்கார மாட்டேன்க்கா."

"வேண்டாம். ஏழாவதுல உக்காரு."

மெலியாமே கைக்குட்டையை நாற்காலியில் விரித்து உட்கார்ந்தாள். "அக்கா, தட்டினா கீழ ஒண்ணும் விழாதுல்ல?"

"விழாது. இது உன் பேரு. நீ தட்டினது மட்டும்தான் இருக்கும்."

"யாராவது வந்து பாஸ்வேர்டு கேட்டா? மாமா கேட்டா எப்படி இல்லைங்கிறது?"

"இல்லைன்னு சொல்லாதே. மறந்துபோச்சுன்னு சொல்லு. மறக்கிறதுல மரியாதைக் குறைச்சல் இல்ல. என்கிட்ட அனுப்பு, நானும் மறந்துட்டேன்னு சொல்றேன்."

முதன்முறையாக மெலியாமே சிரித்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் நீட்டி, முதல் எழுத்தைத் தட்டினாள். கட்டத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

தேர்வு தொடங்கியதும் இலைசானே சத்தமில்லாமல் வெளியே வந்து குழாயடிக்குப் போனாள். சோப்பை எடுத்துக் கைகளைத் தேய்த்தாள். அந்தக் கீபோர்டிலிருந்து ஒட்டிய மஞ்சள் கோடு ஒன்று நகக்கண்ணில் இன்னும் இருந்தது. ஈர்க்குச்சியால் நோண்டினாள். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை சோப்புப் போட்டாள்.